பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது லினக்ஸ் கம்ப்யூட்டர் திணறுகிறதா? அளப்பதிலிருந்து எஜெக்ட் வரை முழு வழிகாட்டி

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்களுக்கு நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். பாதிக்கு மேல் உபுண்டு அல்லது மின்ட் ஓடும் மெஷின்கள். முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் வரும் போன் பெரும்பாலும் ஒன்றேதான்: "அண்ணா, கார்டுல இருந்து ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி போட்டேன், மவுஸ்கூட நகர மாட்டேங்குது."

இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். எங்கே அடைப்பு என்று பார்க்காமலேயே எங்கோ படித்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அமைப்பை மாற்றிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் அளப்பது, அடுத்து வயரும் டிஸ்க்கும், கெர்னல் அதற்குப் பிறகுதான்.

கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது சின்ன ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்கிறேன். ஆப்ஷன் என்று சொல்வது ஒரே எழுத்தென்றால் அதற்கு முன்னால் ஒரு கோடு (-), முழுச் சொல்லென்றால் இரண்டு கோடு (--).

தொடங்கும் முன்

சூடோ (நிர்வாகி அனுமதி) பாஸ்வேர்டு வேண்டும். அளக்க சிஸ்ஸ்டாட் (sysstat), டிஸ்க்கைச் சோதிக்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் (smartmontools), காப்பி போட ஆர்சிங்க் (rsync) ஆகிய மூன்று பேக்கேஜும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்போதே நிறுவிக்கொள்ளுங்கள். மெஷின் திணறும் நேரத்தில் நிறுவ உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

நன்றாக வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த யூஎஸ்பி கேபிள் ஒன்று கையில் இருக்கட்டும்.

சோதனைக்கு ஒரு பெரிய ஃபைல் வேண்டும். அது ராமைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 8 ஜிபி ராம் என்றால் 15, 20 ஜிபி. சின்ன ஃபைலை இரண்டாம் முறை காப்பி செய்தால் டிஸ்க்கைத் தொடாமல் ராமிலிருந்தே படித்துவிடும், வேகம் பொய்யாகத் தெரியும். கஸ்டமரின் ஒரே பிரதியை வைத்து ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

1. நிற்பது காப்பியா, கம்ப்யூட்டரா?

"ஸ்லோவா இருக்கு" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். காப்பி மட்டும் மெதுவாகப் போய், மற்ற வேலையெல்லாம் வழக்கம்போல் நடந்தால், கோளாறு வயரில், டிஸ்க்கில் அல்லது ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறது. 3, 4-ஆம் படிகள் போதும்.

காப்பி ஓடும்போது பிரவுசரும் எடிட்டிங் சாஃப்ட்வேரும் உறைந்துபோனால் அது வேறு நோய். காப்பி எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பார் தொடக்கத்தில் 300 எம்பி வேகம் காட்டிவிட்டு நடுவில் அப்படியே நிற்பதும், 100 சதவீதம் வந்த பிறகும் எஜெக்ட் ஆகாமல் இருப்பதும் அதே நோயின் அறிகுறிகள்தான். அதற்கு 5-ஆம் படி. இரண்டும் சேர்ந்தே இருக்கும் மெஷின்களும் உண்டு. ஆகவே 2-ஆம் படியை யாரும் தாண்டக் கூடாது.

2. காப்பி ஓடும்போதே எண்களைப் பாருங்கள்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகத் தக்காளிக் கிரேடு (பெட்டி) வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, வெளியூர் லாரியில் ஏற்றுவது ஒரே ஒரு ஆள். கொஞ்ச நேரத்தில் யார்டு முழுக்கக் கிரேடு. பிறகு ஒரு கூடை தக்காளியோடு வருகிறவரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

லினக்ஸில் அந்த யார்டு உங்கள் ராம். நீங்கள் காப்பி செய்யும் தரவு முதலில் ராமில் இறங்குகிறது. டிஸ்க்குக்கு எழுதுவது பின்னால் நடக்கிறது. எழுதி முடியாமல் ராமில் காத்திருக்கும் தரவுக்கு டர்ட்டி என்று பெயர். காலி நினைவகத்தில் 10 சதவீதம் சேர்ந்ததும் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதம் வந்துவிட்டால், எழுத வரும் புரோகிராமையே கெர்னல் நிறுத்திவைக்கும். உபுண்டு, மின்ட் போன்ற பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் இவைதான் இயல்பு மதிப்புகள்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். வாட்ச் கட்டளையில் ஒரு விநாடி இடைவெளி கொடுத்து, ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ ஃபைலிலிருந்து டர்ட்டி, ரைட்பேக் என்ற இரு வரிகளை மட்டும் கிரெப் மூலம் எடுங்கள். இந்த இரு சொல்லுக்கும் முதல் எழுத்து பெரியது. இன்னொரு ஜன்னலில் பென்டிரைவுக்குக் காப்பியைத் தொடங்குங்கள். டர்ட்டி எண் சில விநாடிகளில் ஒரு ஜிபிக்கு மேல் ஏறி, அங்கேயே நின்று லேசாக ஆடும். பார் நிற்பதும் அதே நேரத்தில்தான். காப்பி முடிந்ததாகப் பார் சொன்ன பிறகு அந்த எண் எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பாருங்கள். இதை ஒருமுறை பார்த்த பையன் அதற்குப் பிறகு பென்டிரைவைப் பட்டென்று பிடுங்குவதில்லை.

அடுத்து விஎம்ஸ்டாட் கட்டளையை 1 என்ற எண்ணோடு ஓட்டுங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள். அது மெஷின் ஆன் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. இரண்டாவது வரியிலிருந்து, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளை பி (b) என்ற பத்தி காட்டும். அந்தக் காத்திருப்பில் சிபியு சும்மா இருந்த நேரத்தை டபிள்யூஏ என்ற பத்தி காட்டும். எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு பத்திகளிலும் தொடர்ந்து எண் வந்தால் ஸ்வாப் (ராமில் இடமில்லாத தரவை டிஸ்க்குக்கு மாற்றுவது) ஓடுகிறது. அப்போது ராம் நிஜமாகவே போதவில்லை. பிரவுசரை மூடுங்கள், முடிந்தால் ராம் போடுங்கள்.

எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் பூஜ்யமாக இருக்கும்போது ராம் வாங்க ஓடாதீர்கள். கணக்கு இப்படி: 8 ஜிபி மெஷினில் 6 ஜிபி காலி என்றால் 20 சதவீதம் 1.2 ஜிபி. விநாடிக்கு 8 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு அது இரண்டரை நிமிட வேலை. 16 ஜிபி ஆக்கினால் காலி 13 ஜிபி, டர்ட்டி எல்லை 2.6 ஜிபி, காத்திருப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல். ராம் போட்ட பிறகு எஜெக்ட் இன்னும் தாமதமாகிறது என்று இரண்டு ஸ்டுடியோவிலிருந்து எனக்குப் போன் வந்திருக்கிறது. அவர்கள் சொன்னது உண்மைதான்.

கடைசியாக ஐஓஸ்டாட் கட்டளையை எக்ஸ் ஆப்ஷனோடும் 1 என்ற எண்ணோடும் ஓட்டுங்கள். எந்த டிஸ்க்கின் யூட்டில் பத்தி 100-ஐ ஒட்டி நிற்கிறதோ, அங்கேதான் அடைப்பு. இதிலும் முதல் அறிக்கை சராசரிதான்.

லோடு ஆவரேஜ் 12 காட்டுகிறது, புராசசர் போதாது என்று ஒருவர் சொன்னார். லினக்ஸ் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும் வேலைகளையும் லோடில் சேர்த்தே எண்ணுகிறது. சிபியு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் 12 வரலாம்.

3. வயர், போர்ட், டிஸ்க்

கெர்னலுக்கு முன் இதைப் பார்க்கக் காரணம் உண்டு. வயரில் கோளாறு இருக்கும்போது அமைப்பை மாற்றினால் திணறல் கொஞ்சம் மறையும், நோய் உள்ளேயே இருக்கும், பிறகு ஒரு நாள் ஃபைலே போகும்.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி (t) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். உங்கள் டிரைவுக்கு நேரே 480எம் என்று வந்தால் அது யூஎஸ்பி 2-இல் ஓடுகிறது; 5000எம் என்றால் யூஎஸ்பி 3. யூஎஸ்பி 2-இல் நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பிதான் கிடைக்கும், 100 ஜிபி போக முக்கால் மணிக்கு மேல் ஆகும். அதே ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 3-இல் 110 எம்பி வேகத்தில் போனால் கால் மணியில் முடியும். கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வாரம் கெர்னல் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஹார்ட் டிஸ்க், கீபோர்டு ரிசீவரோடு சேர்ந்து ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப்பில் செருகியிருந்தது. பின்பக்கத்து நீல போர்ட்டுக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது.

அடுத்து சூடோவோடு டிமெசேஜ் கட்டளை. அடிக்கும்போது டி, எம், ஈ, எஸ், ஜி (dmesg) என்ற ஐந்து எழுத்துகள்தான். பெரிய எழுத்து அல்ல, சின்ன டபிள்யூ ஆப்ஷன் கொடுத்தால் புதிய செய்திகள் வந்துகொண்டே இருக்கும். காப்பியின்போது யூஎஸ்பி ரீசெட் என்றோ ஐஓ எரர் என்றோ வரிகள் வந்தால் உடனே நிறுத்துங்கள். கேபிளை மாற்றுங்கள், கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கம் செருகுங்கள். தனி பவர் இல்லாத ஹார்ட் டிஸ்க்குகளுக்கு முன்பக்க போர்ட்டில் பல நேரம் மின்சாரம் போதுவதில்லை.

பிறகு ஸ்மார்ட்கண்ட்ரோல். ஸ்மார்ட் என்று அடித்து, அதோடு ஒட்டி சி, டி, எல் (smartctl). ஏ ஆப்ஷனோடு டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள். யூஎஸ்பி பெட்டியில் உள்ள டிஸ்க் பதில் தராவிட்டால் டி (d) ஆப்ஷனில் சாட் (sat) என்று சேருங்கள். மூன்று எண்களைப் பாருங்கள். 5 மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், 197 படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள், 199 டிஸ்க்கின் சாட்டா கேபிள் பிழைகள் (யூஎஸ்பி கேபிளின் பிழை இதில் வராது). வரியின் கடைசிப் பத்தியில் 197-க்குப் பூஜ்யம் இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள். முதலில் அதில் இருப்பதை வெளியே எடுங்கள். 199 மட்டும் கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, அந்தக் கேபிள்தான் கெட்டது.

எல்லாம் சரியாக இருந்தும், முதலில் சில ஜிபி நன்றாக ஓடிவிட்டுப் பிறகு வேகம் 20, 30 எம்பிக்கு விழுகிறதா? கையடக்க ஹார்ட் டிஸ்க் பலவற்றில் தடங்களை ஓட்டு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை இருக்கிறது. எஸ்எம்ஆர் என்பார்கள். அதன் தற்காலிக இடம் நிரம்பியதும் பக்கத்துத் தடத்தையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும், அதனால் வேகம் விழுகிறது. விலை குறைந்த எஸ்எஸ்டிகளிலும் வேகமான முன்பகுதி நிரம்பியதும் இதே கதைதான். இதற்குக் கெர்னலில் மருந்து இல்லை. பெரிய காப்பியை இரவில் போட்டு, முடிந்த பிறகும் டிரைவைச் சிறிது நேரம் மின்சாரத்தில் விட்டுவிடுங்கள். ஓய்வில் அது தன் வேலையைச் செய்துகொள்ளும்.

4. ஃபைல் சிஸ்டம்

காப்பியின்போது டாப் கட்டளையில் மவுண்ட் டாட் என்டிஎஃப்எஸ் என்ற வரி சிபியுவை விழுங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள அந்த டிரைவ், பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் வழியாக ஓடுகிறது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் தரவு கெர்னலுக்கு வெளியே போய்த் திரும்புவதால் பழைய புராசசர்கள் திணறும். கெர்னல் 5.15-இலிருந்து என்டிஎஃப்எஸ்3 என்ற டிரைவர் உள்ளேயே இருக்கிறது, அதற்கு இந்தச் சுற்று இல்லை.

என் ஆலோசனை: ஸ்டுடியோவுக்குள்ளேயே சுற்றும் டிஸ்க்குகளை ஈஎக்ஸ்டி4 ஆக்குங்கள். வெளியே போகும் டிரைவுக்கு எக்ஸ்ஃபாட். கஸ்டமர் வீட்டில் பழைய டிவி என்றால் ஃபாட்32 கேட்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, வீடியோவைப் பிரித்து எடுங்கள். டிஸ்க்கை மாற்றி ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போகும். சொல்லத் தேவையில்லாத விஷயம்தான், ஆனாலும் வருடத்தில் ஒருவராவது மறந்துவிடுகிறார்.

5. டர்ட்டி எல்லையைச் சுருக்குங்கள்

இப்போதுதான் கெர்னல். யார்டில் 2 ஜிபி குவியவிடாமல், கொஞ்சம் வந்ததுமே ஏற்றி அனுப்பச் சொல்கிறோம். மொத்த நேரம் குறையாது. பென்டிரைவ் எழுதும் வேகம் அதேதான். ஆனால் பார் உண்மையைச் சொல்லும், மற்ற புரோகிராம்கள் வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்காது.

முதலில் தற்காலிகமாகச் செய்து பாருங்கள். கட்டளையின் பெயர் சிஸ்சிடிஎல். எஸ், ஒய், எஸ், பிறகு சி, டி, எல் (sysctl). சூடோவோடு டபிள்யூ ஆப்ஷன் கொடுத்து இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அமையுங்கள். விஎம் என்பதற்குப் பிறகு ஒரு புள்ளி, சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு, சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி வேண்டாம்:

விஎம் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் = 67108864

விஎம் டர்ட்டி பைட்ஸ் = 268435456

முதலாவது 64 எம்பி, பின்னணியில் எழுதத் தொடங்கும் இடம். இரண்டாவது 256 எம்பி, எழுதுபவரை நிறுத்தும் இடம். எடிட்டிங்கும் காப்பியும் சேர்ந்து நடக்கும் மெஷினுக்கு இதுதான் என் அளவு. நாள் முழுக்க மெதுவான பென்டிரைவுகளுக்கே எழுதிக்கொண்டிருக்கும் கவுண்டர் மெஷின் என்றால் 16777216, 50331648 என்று வையுங்கள். அதாவது 16, 48 எம்பி. 8 எம்பி வேக பென்டிரைவில் எஜெக்ட் காத்திருப்பு ஆறு விநாடிக்கு வந்துவிடும். வீடியோ ரெண்டர் செய்யும் மெஷினில் இவ்வளவு சுருக்காதீர்கள். வேகமான டிஸ்க்கும் அடிக்கடி நின்று நின்று எழுத வேண்டிவரும்.

இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். ஒன்று, பைட்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்ததும் அதற்கு இணையான ரேஷியோ மதிப்பு பூஜ்யமாகிவிடும். "கெட்டுப்போச்சு" என்று பயந்து ரேஷியோவை மறுபடி 20 ஆக்குவார்கள். உடனே பைட்ஸ் பூஜ்யமாகி, செய்த வேலை அழிந்துவிடும். இரண்டில் ஒன்றுதான் செல்லும். இன்னொன்று, எம்பி என்று எழுத்தைச் சேர்த்து அடிப்பது. வெறும் எண் மட்டும்தான் ஏற்கும்.

மறுபடி 2-ஆம் படிக்குப் போய் டர்ட்டி எண்ணைப் பாருங்கள். 256 எம்பியை ஒட்டி நின்றால் வேலை செய்கிறது. இரண்டு நாள் இப்படியே ஓட்டி, திருப்தி என்றால் நிரந்தரமாக்குங்கள். ஈடிசி அடைவுக்குள் சிஸ்சிடிஎல் டாட் டி (sysctl.d) என்ற அடைவில், 99 என்று தொடங்கி டாட் கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைலில் அதே இரண்டு வரிகளை எழுதி, சிஸ்சிடிஎல் கட்டளையை சிஸ்டம் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். 99 எதற்கென்றால், எண் வரிசையில் கடைசியாகப் படிக்கும் ஃபைலின் மதிப்புதான் நிற்கும்.

எல்லா டிஸ்க்குக்கும் வேண்டாம், ஒரு டிரைவுக்கு மட்டும் எல்லை வைக்க வேண்டும் என்றால் கெர்னல் 6.2-இலிருந்து அதற்கும் வழி உண்டு. சிஸ் அடைவின் கிளாஸ், பிடிஐ என்பதற்குள் அந்த டிரைவின் எண்ணில் ஸ்ட்ரிக்ட் லிமிட், மேக்ஸ் பைட்ஸ் என்ற ஃபைல்கள் இருக்கும். டிரைவைக் கழற்றினால் அந்த மதிப்பு போய்விடும், ஒவ்வொரு முறையும் வைக்க யூடெவ் விதி (டிரைவைச் செருகியதும் தானாக நடக்கும் விதி) எழுத வேண்டும். கடையில் தினம் பத்து பென்டிரைவ் வந்துபோகும் என்றால் பொது எல்லையே நிம்மதி.

டிராப் கேஷஸ் என்ற ஃபைலில் 3 எழுதினால் சரியாகும் என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. அது எழுதி முடித்த தரவை மட்டுமே தள்ளும், டர்ட்டியைத் தொடாது. நீங்கள் திறந்துவைத்திருக்கும் புரோகிராம்களின் தரவும் ராமிலிருந்து போய், எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்கும். இன்னும் திணறும்.

6. ஷெட்யூலர்

டிஸ்க்கில் யாருடைய வேலை முதலில் என்று முறை வகுப்பது ஷெட்யூலர். சிஸ், பிளாக், டிஸ்க்கின் பெயர், கியூ, ஷெட்யூலர் என்ற ஃபைலைப் படித்தால் இப்போது நடப்பில் இருப்பது சதுர அடைப்புக்குள் தெரியும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில்தான் உங்கள் லினக்ஸே இருக்கிறது என்றால் பிஎஃப்கியூ என்று மாற்றிப் பாருங்கள்; காப்பிக்கு நடுவிலும் மற்ற புரோகிராம்களுக்கு முறை கிடைக்கும். என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் இருப்பதை அப்படியே விடுங்கள்.

7. காப்பி போடும் முறை

ஒரே ஹார்ட் டிஸ்க்குக்கு நான்கு ஜன்னலில் நான்கு காப்பி போடாதீர்கள். தலை ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓடி ஓடித் திரும்புவதால், ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதைவிட மொத்த நேரம் கூடும். ஒரே டிஸ்க்கின் ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போடுவதிலும் இதே தொல்லைதான்.

100 ஜிபி போன்ற பெரிய வேலைக்கு ஆர்சிங்க் நல்லது. ஏ (a) ஆப்ஷனோடு ஓட்டினால், கரண்டு போய் நின்றாலும் அதே கட்டளையை மறுபடி கொடுக்கும்போது, முடிந்த ஃபைல்களை விட்டுவிட்டு மீதியிலிருந்து தொடரும். பிடபிள்யூலிமிட் ஆப்ஷனில் 40எம் என்று கொடுத்தால் விநாடிக்கு 40 எம்பிக்கு மேல் போகாது. டிஸ்க் தாங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் குவியலே உண்டாகாது. காப்பி ஓட ஓட எடிட்டிங் செய்தே ஆகவேண்டிய நாளில் இதைத்தான் செய்கிறேன்.

பெரிய காப்பி இன்னொரு தொல்லையும் தரும். கடந்துபோகிற 100 ஜிபியும் ராமில் இடம் பிடிக்கப் பார்ப்பதால், திறந்திருக்கும் புரோகிராம்களின் தரவு வெளியே தள்ளப்படும். அதற்கு ஒரு வேலி போடலாம். சிஸ்டம்டி-ரன் கட்டளையில் யூசர், ஸ்கோப் என்ற இரு ஆப்ஷன்களையும், பி (p) ஆப்ஷனில் மெமரிஹை = 500எம் என்பதையும் கொடுத்து, அதன் பின்னால் ஆர்சிங்க் கட்டளையை எழுதுங்கள். மெமரி, ஹை இரண்டின் முதல் எழுத்தும் பெரியது, நடுவில் இடைவெளி இல்லை. 500-க்குப் பின் வரும் எம் எழுத்தும் பெரியதுதான்.

ஐயோநைஸ் (ஒரு புரோகிராமின் டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் கட்டளை) போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரணக் காப்பியில் டிஸ்க்குக்கு எழுதுவது காப்பி கட்டளை அல்ல, கெர்னலின் தனி வேலையாள். ஐயோநைஸ் அந்த வேலையாளிடம் செல்லாது. பிஎஃப்கியூவில் படிக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் உதவும்.

8. சிங்க், எஜெக்ட், சரிபார்ப்பு

பென்னாகரம் பக்கத்துக் கல்யாணம் ஒன்றின் வீடியோவைப் பென்டிரைவில் போட்ட பையன், பார் 100 வந்ததும் பிடுங்கிக் கொடுத்துவிட்டான். வீட்டில் டிவியில் போட்டபோது கடைசி மூன்று ஃபைல் திறக்கவில்லை. தாலி கட்டும் நேரம் அதில்தான் இருந்தது. பெண்ணின் அப்பா மறுநாள் வெயிலில் பஸ் ஏறி வந்து, கோபப்படாமல், "கொஞ்சம் பாத்துக் குடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். மூலம் எங்களிடம் இருந்ததால் தப்பித்தோம்.

அதனால், காப்பி முடிந்ததும் டெர்மினலில் சிங்க் என்று அடியுங்கள். எஸ், ஒய், என், சி. அடுத்த கட்டளைக்கான குறி திரும்பி வரும்வரை கையை எடுங்கள். அதன் பிறகு எஜெக்ட். பென்டிரைவின் விளக்கு சிமிட்டுவது நின்றதை நம்பாதீர்கள். சில டிரைவுகளில் விளக்கே ஒழுங்காக எரிவதில்லை.

முக்கியமான ஃபைல் என்றால் டிரைவைக் கழற்றி, மறுபடி செருகி, ஆர்சிங்க்கை ஆர் (r), சி (c), என் (n) என்ற ஆப்ஷன்களோடு மறுபடி ஓட்டுங்கள். ஆர் அடைவுகளுக்குள்ளும் போய்ப் பார்க்கும். சி இரு பக்கத்து உள்ளடக்கத்தையும் முழுதாகப் படித்து ஒப்பிடும். என் (n) ஆப்ஷன் இருப்பதால் எதையும் எழுதாது. வித்தியாசப்படும் ஃபைல்களின் பெயர் தெரிய வி ஆப்ஷனையும் சேருங்கள். கழற்றாமலே ஒப்பிட்டால், இப்போதுதான் எழுதிய தரவை ராமிலிருந்தே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடும். பென்டிரைவில் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

கேமரா கார்டை ஃபார்மேட் செய்வது இந்தச் சரிபார்ப்பில் ஒரு ஃபைல் பெயரும் வராமல் முடிந்த பிறகுதான். என் மெஷின்களில் அதுவரை கார்டு ஒரு சின்ன டப்பாவில், கல்யாணத் தேதி எழுதிய ஸ்டிக்கரோடு, மேசைமேல் இருக்கும்.